பழைய ஆங்கிலக் குத்தகைப் பத்திரத்தில் ‘விட்னெஸெத்’, ‘டத்’, ‘ஹாத்’: தமிழில் எப்படிப் பெயர்ப்பது?

கூடலூர் வாசகன் (தேனி மாவட்டம்):

பீர்மேடு பக்கம் இருந்த ஒரு காபித் தோட்டத்துக்கு 1868இல் எழுதிய ஆங்கிலக் குத்தகைப் பத்திரத்தைத் தமிழாக்க வேண்டியிருக்கிறது. கையெழுத்து நன்றாகவே இருக்கிறது. பெயர்ச்சொற்களுக்கு அகராதி கை கொடுக்கிறது, வினைமுற்றுகளுக்குக் கொடுக்கவில்லை. என் சந்தேகங்கள் இவை.

‘திஸ் இன்டென்ச்சர் மேட்’ என்று தொடங்கி, தேதி, இரண்டு தரப்பார் பெயர், ஊர், தொழில் எல்லாம் பதினான்கு வரி ஓடுகிறது. அதற்குப் பிறகுதான் பெரிய எழுத்தில் ‘விட்னெஸெத்’ வருகிறது. இதில் பயனிலை எது?

‘டத் ஹியர்பை டிமைஸ்’ என்பதில் உள்ள ‘டத்’ இறந்தகாலமா, நிகழ்காலமா? அழுத்தத்துக்காகச் சேர்த்ததா?

ஓரிடத்தில் ‘ஹாத்’ என்றும் இன்னோரிடத்தில் ‘ஹாவ்’ என்றும் இருக்கிறது. பொருள் வேறுபாடு உண்டா?

‘இஃப் த ரென்ட் பி இன் அரியர்’, ‘ஸோ லாங் ஆஸ் த லெஸீ பே’ என்று எழுதியிருக்கிறார்கள். ‘ஈஸ்’, ‘பேஸ்’ என்று இருக்க வேண்டாமா? எழுத்தரின் பிழை என்று அடிக்குறிப்புப் போடலாமா?

வீட்டுப் பெரியவர்கள் முன் மூலத்தையும் வாசித்துக் காட்ட வேண்டும். உச்சரிப்பையும் சொன்னால் உதவி.

செங்கோட்டை ஆவணம்:

அண்ணாச்சி, ‘எத்’ விகுதி என்பது இன்றைய ஆங்கிலத்தில் ‘ஹீ கோஸ்’, ‘ஷீ ரைட்ஸ்’ என்று வரும் ‘எஸ்’ செய்யும் வேலையைச் செய்த பழைய விகுதி. படர்க்கை, ஒருமை, நிகழ்காலம் மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் வரும். ‘ஹாத்’ என்றால் ‘ஹாஸ்’. ‘டத்’ என்றால் ‘டஸ்’. ‘விட்னெஸெத்’ என்றால் ‘விட்னெஸஸ்’. பழைய எழுத்தில் வருவதால் பலரும் இதை இறந்தகாலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு.

‘எத்’ இங்கிலாந்தின் தெற்குப் பகுதி வழக்கு, ‘எஸ்’ வடக்கிலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டு லண்டனில் இரண்டும் கலந்து புழங்கின. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தில் கருணையைப் பற்றிய புகழ்பெற்ற பேச்சில், ‘பிளெஸெத்’, ‘கிவ்ஸ்’, ‘டேக்ஸ்’ மூன்றும் ஒரே வரியில் நிற்கின்றன. ஆனால் 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிள் ‘எத்’தையே விடாமல் பிடித்துக்கொண்டது. பேச்சு அதற்குள் மாறிவிட்டது. 1643இல் ரிச்சர்ட் ஹாட்ஜஸ் என்ற ஆசிரியர் எழுத்துக்கூட்டல் பற்றிய தம் நூலில், ‘லீடெத்’, ‘மேக்கெத்’ என்று எழுதினாலும் ‘லீட்ஸ்’, ‘மேக்ஸ்’ என்றுதான் சொல்கிறோம் என்று குறித்திருக்கிறார். ஹாத், டத் இரண்டும் 18ஆம் நூற்றாண்டிலும் எழுத்தில் தாக்குப்பிடித்தன. உங்கள் பத்திரம் எழுதிய 1868இல் அவை வக்கீல் வாய்பாடாகத்தான் மிஞ்சியிருந்தன.

இனி உங்கள் பதினான்கு வரி. ‘மேட்’ அங்கே பயனிலை இல்லை, எச்சம். ‘இன்ன தேதியில், இன்னாருக்கும் இன்னாருக்கும் இடையே செய்யப்பட்ட’ என்று ‘இன்டென்ச்சர்’ (ஒப்பந்தப் பத்திரம்) என்ற சொல்லுக்கு அடையாக நிற்கிறது. எழுவாய் ‘திஸ் இன்டென்ச்சர்’, பயனிலை ‘விட்னெஸெத்’. நம் தமிழ்ப் பத்திரத்திலும் இதே அமைப்புதான். ‘இன்னார் குமாரர் இன்னாருக்கு, இன்னார் குமாரர் இன்னார் எழுதிக்கொடுத்த குத்தகைப் பத்திரம் என்னவென்றால்’ என்று போகிறதல்லவா, அந்த ‘என்னவென்றால்’ நிற்கும் இடத்தில்தான் ‘விட்னெஸெத்’ நிற்கிறது. அப்படியே பெயர்த்துவிடுங்கள். ‘சாட்சி சொல்கிறது’ என்று எழுதினால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட சாட்சிகளோடு குழம்பும்.

இந்தக் காலப் பத்திரங்களில் நிறுத்தக்குறி அரிது. பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்கள்தான் பிரிவுகளைக் காட்டும். பென்சிலால் முதலில் அவற்றை மட்டும் வட்டமிடுங்கள்: இன்டென்ச்சர், பிட்வீன், விட்னெஸெத், டு ஹாவ் அண்ட் டு ஹோல்ட், யீல்டிங் அண்ட் பேயிங், ப்ரொவைடட் ஆல்வேஸ், இன் விட்னெஸ் வேராஃப். ஒவ்வொன்றையும் தனிப் பத்தியாகப் பிரித்து எழுதிக்கொண்டு, பிறகு அந்தப் பத்திக்குள் வினைமுற்றைத் தேடுங்கள். ‘டு ஹாவ் அண்ட் டு ஹோல்ட்’ பகுதியில் எத்தனை ஆண்டு என்பது இருக்கும். ‘யீல்டிங் அண்ட் பேயிங்’ பகுதியில் குத்தகைப் பணமும் தவணையும் இருக்கும். இந்த இரண்டிலும் வினைமுற்று கிடைக்காது. இரண்டும் மேலே உள்ள ‘டத் டிமைஸ்’ என்பதோடு தொங்குபவை. தேடிக் காணாமல் ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைக்க வேண்டாம்.

‘டத்’ அழுத்தத்துக்கு வந்ததில்லை. அந்த நடையில் ‘டத் டிமைஸ்’ என்பதும் ‘டிமைஸஸ்’ என்பதும் ஒன்றே. ‘டிமைஸ்’ இங்கே குத்தகைக்கு விடுவதைக் குறிக்கும், இறப்பை இல்லை. ‘இதன்மூலம் குத்தகைக்கு விடுகிறார்’ என்று நிகழ்காலத்தில் எழுதுங்கள். ‘விட்டார்’ என்று எழுதினால் என்றோ நடந்ததை இந்தப் பத்திரம் எடுத்துச் சொல்வது போலாகிவிடும். உண்மையில் இந்த வாக்கியத்தால்தான் நிலம் கைமாறுகிறது. முன்பணம் பற்றிய இடத்தில் ‘ஹாத் பெய்ட்’ என்று இருந்தால் அது ‘செலுத்தியிருக்கிறார்’. பெற்றுக்கொண்டதை ‘டத் ஹியர்பை அக்னாலெட்ஜ்’ என்று இருந்தால் ‘இதன்மூலம் ஒப்புக்கொள்கிறார்’. ‘த ஸெட்’ வரும் இடமெல்லாம் நம் ‘மேற்படி’தான், பழைய பத்திர நடை வேண்டுமென்றால் ‘ஷை’ என்றே போடலாம்.

ஹாத், ஹாவ் வேறுபாடு எண்ணிக்கையைப் பொறுத்தது. கொடுப்பவர் ஒருவர் என்றால் ‘டத்’, ‘ஹாத்’. இரண்டு பேர் சேர்ந்து கொடுத்தால் ‘டூ’, ‘ஹாவ்’. கடைசியில் ‘ஹாவ் ஹியர்அன்டு ஸெட் தெயர் ஹான்ட்ஸ்’ என்று வருவது இரு தரப்பாரும் கையெழுத்திடுவதால். இது உங்களுக்கு ஆதாரமாகவும் பயன்படும். பெயர் இருந்த இடம் பூச்சி அரித்துப்போயிருந்தாலும், ‘டூ’ என்று இருந்தால் கொடுத்தவர் ஒருவருக்கு மேல் என்று ஊகிக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். மாதிரியைப் பார்த்து நகல் எடுப்பவர் ‘டத்’தை மாற்றாமல் விட்டிருக்கலாம். ‘ஹிஸ்’, ‘தெயர்’ போன்ற சொற்களையும் கீழே உள்ள கையெழுத்து எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உச்சரிப்பு: ‘டஸ்’, ‘ஹாஸ்’ சொல்லும் அதே உயிரொலி, முடிவு மட்டும் மாறும். ‘டூத்’ என்று நீட்டாதீர்கள். முடிவில் வருவது நம் ‘த்’ இல்லை. நாக்கு நுனியைப் பல்லில் ஒட்டி அடைக்காமல், மேல்பல்லுக்கு அடியில் லேசாக வைத்துக் காற்றை விட வேண்டும்.

இந்த விகுதி இன்னும் நம் நீதிமன்றங்களில் உயிரோடு இருக்கிறது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற மனுக்களில் ‘மோஸ்ட் ரெஸ்பெக்ட்ஃபுலி ஷோவெத்’ என்று இன்றும் தட்டச்சு செய்கிறார்கள். எழுத்தில் ஓ-வுக்குப் பதில் இ போட்டிருந்தாலும் வாசிப்பது ‘ஷோவெத்’ என்றுதான்.

மார்த்தாண்டம் ஆசிரியை:

‘ரென்ட் பி’, ‘லெஸீ பே’ இரண்டும் பிழை இல்லை, ஐயா. அடிக்குறிப்பு வேண்டாம். நடந்ததையோ நடப்பதையோ சொல்லாமல், நடக்கக்கூடியதையும் நடக்க வேண்டியதையும் சொல்லும்போது பழைய ஆங்கிலம் வினையை விகுதி இல்லாமல் வெறுமனே நிறுத்தும். ‘எஸ்’ஸும் வராது, ‘எத்’தும் வராது. இஃப், அன்லெஸ், டில், விதர், லெஸ்ட், ப்ரொவைடட் தட் ஆகியவற்றுக்குப் பின்னால் எதிர்பார்க்கலாம்.

தமிழ் அறிந்தவர்களுக்கு இது புதிதில்லை. ‘நான் வந்தால், நீ வந்தால், அவர் வந்தால்’ என்று நம் நிபந்தனை எச்சமும் இடம், எண் எதையும் காட்டுவதில்லை. ஆகவே ‘குத்தகை நிலுவையில் இருந்தால்’, ‘குத்தகைதாரர் செலுத்திவரும் வரையில்’ என்று எழுதினாலே மூலத்துக்கு நேராக அமைந்துவிடும்.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு கர்த்தருடைய ஜெபம். ‘தை கிங்டம் கம்’. அங்கே ‘கமெத்’ இல்லை, ஏனென்றால் அது விருப்பம். ராஜ்யம் வருகிறது என்ற செய்தியை அது சொல்லவில்லை. தமிழ் வேதாகமம் அதை ‘உம்முடைய ராஜ்யம் வருவதாக’ என்று வியங்கோளில் சரியாகப் பிடித்திருக்கிறது. ‘ஹாலோட் பி’ என்பதும் ‘பரிசுத்தப்படுவதாக’ என்று அப்படியே. உங்கள் பத்திரத்தில் ‘பி இட் ரிமெம்பர்ட்’ போன்ற தொடர் இருந்தால் அதற்கும் இதே வியங்கோள்தான் பொருத்தம்.

அதே ஜெபத்தின் முதல் வரியில் ‘விச் ஆர்ட் இன் ஹெவன்’ என்று வரும். ‘ஈஸ்’ இல்லை, ‘ஆர்ட்’. பிதாவை ‘தௌ’ (நீ) என்று முன்னிலையில் விளிப்பதால் இடையில் உள்ள கிளைவாக்கியத்தின் வினையும் முன்னிலையாகவே நிற்கிறது. ‘இருக்கிற எங்கள் பிதாவே’ என்ற தமிழ்ப் பெயரெச்சத்தில் அந்த முன்னிலை மறைந்துவிடும். அதனால் தமிழ் வழியாகப் படித்து வந்த பிள்ளைகள் ‘தௌ ஹூ ஈஸ்’ என்று எழுதுவதைக் கவனித்துத் திருத்த வேண்டும்.

குமுளி எழுத்தாயர்:

இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

முதலாவது, எழுத்து உரு. 1868 கையெழுத்தில், அதுவும் பழைய பாணியில் பயின்ற எழுத்தர் என்றால், இரட்டை ‘எஸ்’ வரும் இடத்தில் முதல் ‘எஸ்’ நீண்டு ‘எஃப்’ போல இருக்கலாம். ‘விட்னெஸெத்’, ‘லெஸீ’, ‘பொஸெஸ்’, ‘அஸைன்’ போன்ற சொற்களில் பாருங்கள். அச்சில் இந்த நீள எழுத்து 1800ஐ ஒட்டிக் கைவிடப்பட்டது. கையெழுத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியும் தங்கியது. அதற்கு முந்தைய அச்சு நூல்களில் ‘ஸெத்’ என்ற வினையை, அதாவது இன்றைய ‘ஸெஸ்’ஸை, ‘ஃபெய்த்’ என்று படித்துவிடும் ஆபத்து பெரிது. எஃப் எழுத்தின் குறுக்குக்கோடு தண்டின் இரு பக்கமும் நீளும். நீள எஸ்ஸில் இடப்பக்கம் சின்ன முளை மட்டும் இருக்கும், அதுவும் சில அச்சுகளில் இருக்காது. ஸ்கேன் செய்து கணினியைக் கொண்டு எழுத்தைப் படிக்க வைப்பவர்கள் ‘ஹாத்’ என்பது ‘பாத்’ (குளியல்) என்று மாறியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எச் எழுத்தின் வளைவு மூடிக்கொண்டால் பி ஆகிவிடும். அகராதியில் இருக்கும் சொல் என்பதால் பிழைதிருத்தி அதைக் காட்டிக்கொடுக்காது.

இரண்டாவது, ‘ஷால்’. மேலே யாரும் தொடவில்லை, ஆனால் குத்தகைப் பத்திரத்தில் பண விவகாரம் முழுக்க அதில்தான் இருக்கிறது. ‘த லெஸீ ஷால் பே’ என்றால் ‘செலுத்துவார்’ இல்லை. ‘செலுத்த வேண்டும்’, அல்லது பழைய நடையில் ‘செலுத்தக் கடவர்’. ‘செலுத்துவார்’ என்று எழுதினால் கடமை என்பது எதிர்காலச் செய்தியாக இளைத்துப்போகும். ஆனால் ‘இஃப்’, ‘வென்’ ஆகியவற்றுக்குப் பின்னால் வரும் ‘ஷால்’ கடமை இல்லை. ‘இஃப் த ரென்ட் ஷால் பி அன்பெய்ட்’ என்பது ‘செலுத்தப்படாமல் இருந்தால்’ மட்டுமே. ஒரே சொல், இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பெயர்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே கணினியில் ஒட்டுமொத்தமாகத் தேடி மாற்றிவிடாதீர்கள்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இந்த நடையைப் பழக இன்னொரு நல்ல ஆவணம் 29.10.1886 தேதியிட்ட பெரியாறு குத்தகை. திருவிதாங்கூருக்கும் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்கும் இடையே, 999 ஆண்டுக்கு, நீர் தேங்கும் 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் என்று எழுதியது. ஆண்டு எத்தனை, பணம் எவ்வளவு, எந்த நிபந்தனையில் என்பவை எந்தெந்தப் பகுதியில் வருகின்றன என்று அதில் குறித்துக்கொண்டு உங்கள் பத்திரத்துக்கு வந்தால் எலும்புக்கூடு பிடிபடும்.

கூடலூர் வாசகன்:

மூவருக்கும் நன்றி. பெரிய எழுத்துகளை வட்டமிட்டதும் பிரிவுகள் தெளிவாகிவிட்டன. இன்னும் இரண்டு இடம் நிற்கிறது. ‘ஈஸ் பிகம் வாய்ட்’ என்று முந்தைய குத்தகை ஒன்றைச் சொல்கிறார்கள். செயப்பாட்டுவினையாகப் பெயர்த்தால் யாரோ ரத்து செய்தது போல வருகிறது. இன்னொன்று, இதோடு சேர்த்துத் தைத்திருக்கும் ஒரு ஜாமீன் பத்திரத்தில் ‘த அபவ் பௌன்டன்’ என்ற சொல்.

செங்கோட்டை ஆவணம்:

‘ஈஸ் பிகம்’ செயப்பாட்டுவினை இல்லை. போதல், வருதல், ஆதல், எழுதல், விழுதல் போன்ற வினைகளுக்குப் பழைய ஆங்கிலம் ‘ஹாவ்’ போடாமல் ‘பி’ போடும். ‘ஈஸ் கம்’ என்றால் வந்திருக்கிறார். லூக்கா 24:34இல் ‘ஈஸ் ரிஸன்’ என்பது எழுந்திருந்தார் என்ற பொருளில்தான். ஆகவே ‘செல்லாததாகிவிட்டது’ என்று எழுதுங்கள். கண்டுபிடிக்க ஒரு வழி: ‘பை’ என்று போட்டு ஒரு ஆளைச் சேர்த்துப் பாருங்கள். ‘இன்னாரால் ஆகப்பட்டது’ என்று அபத்தமாக வந்தால் அது இந்த வகை.

‘பௌன்டன்’ என்பது ‘பைன்ட்’ வினையின் பழைய எச்சம், இன்றைய ‘பௌண்ட்’. ‘மேலே கட்டுப்பட்டவராகக் கண்ட’ என்று பொருள். ஜாமீன் பத்திரத்தில் கடமைப்பட்டவரை இப்படித்தான் குறிப்பார்கள். இதே போல ‘ஹோல்டன்’ என்றால் ‘ஹெல்ட்’. நீதிமன்றம் இன்ன ஊரில் கூடியது என்று சொல்லும் இடத்தில் வரும். ‘ஹோல்பன்’ என்றால் ‘ஹெல்ப்ட்’, லூக்கா 1:54இல் இருக்கிறது. ‘ஸ்பேக்’, ‘பிரேக்’, ‘பேர்’, ‘ஸ்வேர்’ என்பவை ‘ஸ்போக்’, ‘ப்ரோக்’, ‘போர்’, ‘ஸ்வோர்’ ஆகியவற்றின் பழைய இறந்தகாலம். இதில் ‘பிரேக்’ என்பதில்தான் ஏமாறுவோம், நிகழ்காலச் சொல்லும் காதுக்கு அப்படியே கேட்பதால். எழுத்துக்கூட்டலைப் பாருங்கள், கடைசியில் ‘கே-இ’ என்று முடிந்தால் இறந்தகாலம், ‘இ-ஏ-கே’ என்று முடிந்தால் நிகழ்காலம்.

கொழிஞ்சாம்பாறை நாடகக்குழு:

இடையில் ஒரு கேள்வி. பள்ளி நாடகத்துக்காகப் பழைய ஆங்கிலத்தில் வசனம் எழுதுகிறோம். பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசுபவர்கள். எல்லா வினையிலும் ‘எத்’ ஒட்டிவிடுகிறார்கள். சுருக்கமாக எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மார்த்தாண்டம் ஆசிரியை:

வசனத்தை முதலில் இன்றைய ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். எந்த வினையின் கடைசியில் ‘எஸ்’ இருக்கிறதோ அதற்கு மட்டும் ‘எத்’. ‘ஐ கோயெத்’, ‘தே ஹாத்’, ‘ஷீ ஷால் கமெத்’, ‘டு நோவெத்’ எல்லாம் இந்த ஒரு சோதனையில் விழுந்துவிடும். கேன், மே, ஷால், மஸ்ட் ஆகியவற்றுக்கு இன்றும் ‘எஸ்’ கிடையாது, அன்றும் ‘எத்’ கிடையாது. எழுத்துக்கூட்டலில் ‘ஸிட்’, ‘ரன்’ போன்றவற்றின் கடைசி மெய் இரட்டிக்கும். ‘க்ரை’ என்பதன் ஒய் எழுத்து ஐ ஆகும்.

‘தௌ’ வந்தால் ‘எஸ்ட்’. இதைத் தமிழ் வழியாகச் சொல்லுங்கள். மலையாளத்தில் ‘ஞான் வன்னு, நீ வன்னு, அவன் வன்னு’ என்று மூன்றுக்கும் ஒரே வடிவம், அங்கிருந்து தொடங்கினால் பிடிபடாது. தமிழில் நீ என்றால் ‘வந்தாய்’ என்று ‘ஆய்’ கட்டாயம். ‘தௌ கேமெஸ்ட்’ அதுதான். ‘எத்’ போல நிகழ்காலத்தோடு நிற்காமல் ‘எஸ்ட்’ இறந்தகாலத்துக்கும் வரும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். ஒழுங்கற்றவை கொஞ்சம்தான்: ஆர்ட், வாஸ்ட், ஹாஸ்ட், டஸ்ட், ஷால்ட், வில்ட், கேன்ஸ்ட், டிட்ஸ்ட். ‘மஸ்ட்’ மாறாது. ஏவலுக்கு விகுதி இல்லை, ‘கோ தௌ’ என்றால் போதும்.

யார் யாரைத் ‘தௌ’ என்பது என்பதையும் கவனியுங்கள். எஜமான் வேலைக்காரனை, தாய் பிள்ளையை, காதலர் ஒருவரையொருவர் சொல்வார்கள். வேலைக்காரன் ராஜாவை ‘யூ’ என்றுதான் சொல்ல வேண்டும், நாம் நீங்கள் என்பது போல. கடவுள் மட்டும் விலக்கு. ஆங்கிலத்தில் கடவுளைத் ‘தௌ ஆர்ட் வித் மி’ என்று ஒருமையில் சொன்ன இடத்தில், தமிழ் வேதாகமம் 23ஆம் சங்கீதத்தில் ‘தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்’ என்று மரியாதையில் வைத்திருக்கிறது. தமிழிலிருந்து பெயர்க்கும் பிள்ளை பிரார்த்தனை வசனத்தில் ‘யூ’ போட்டுவிடும், அங்கே மட்டும் திருத்துங்கள்.

‘க்வோத்’ (சொன்னான்) பயன்படுத்தினால் எழுவாய் பின்னால் வரட்டும், ‘க்வோத் ஹீ’. அது இறந்தகாலம் மட்டுமே, எதிர்காலமோ எச்சமோ கிடையாது. ‘மீதிங்ஸ்’ என்பதன் முன் ‘ஐ’ போடக் கூடாது; ‘எனக்குத் தோன்றுகிறது’ என்ற அமைப்பு அது, ‘எனக்கு’ சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இறந்தகாலம் ‘மீதாட்’.